சலீம் அலி

சலீம் மொய்சுதீன் அப்துல் அலி (பிறப்பு: நவம்பர் 12, 1896, பம்பாய்; இறப்பு: 1987, பம்பாய்) இந்தியப் பறவையியலின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். இந்தியப் பறவை மனிதர் என்று பரவலாக அறியப்படும் இவர், பறவைகளைச் சுட்டு, பாடம் செய்து, பெயரிட்டு அலமாரியில் அடுக்குவதே பறவையியல் என்றிருந்த காலத்தில், உயிருள்ள பறவை என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று கேட்டவர். முறையான பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாமலேயே இத்துறையில் உலகளாவிய மதிப்பைப் பெற்றார். தூக்கணாங்குருவியின் இனப்பெருக்க முறையைக் கண்டறிந்தது இவரது முதன்மையான அறிவியல் பங்களிப்பாகக் கருதப்படுகிறது. டில்லன் ரிப்ளியுடன் இணைந்து இவர் எழுதிய, இந்தியா மற்றும் பாகிஸ்தான் பறவைகளைப் பற்றிய 10 தொகுதிகள் கொண்ட கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது.

இளமைக் காலம்

சலீம் அலி, சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் மொய்சுதீன், சீனத்துன்னிசா இணையரின் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைப்பேறு இல்லாத தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியும் அவர் மனைவி அமீதா பேகமும் பம்பாயின் கேத்வாடிப் பகுதியில் இக்குழந்தைகளை வளர்த்தனர். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தயாப்ஜியும் இவருக்கு மாமன் முறையே.

வேட்டை அக்காலத்து வசதியான குடும்பங்களில் இயல்பான பொழுதுபோக்கு. சிறுவன் சலீமின் கையிலும் ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஒருநாள் சுட்டு வீழ்த்திய சிட்டுக் குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, அது என்ன குருவி என்று மாமனிடம் கேட்டான். மாமனுக்குத் தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லர்டிடம் அனுப்பி வைத்தார். மில்லர்டு அதை மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு சொன்னதோடு நில்லாமல், கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் கொடுத்தார். தம் வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சியாகச் சலீம் அலி கருதியது இதையே. 1985இல் வெளிவந்த தன்வரலாற்று நூலுக்கு ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரிட்டதும் அதனால்தான்.

அந்த வயதில் அவர் எழுதி வைத்த குறிப்பு ஒன்று, பிற்காலத்தில் பறவை நோக்கர்களிடையே புகழ்பெற்றது. வீட்டுக் குதிரை லாயத்தின் சுவர்ப் பொந்தில் ஒரு சிட்டுக்குருவி இணை கூடு கட்டியிருந்தது. பெண் உள்ளே அடைகாக்க, ஆண் வெளியே ஓர் ஆணியில் அமர்ந்து காவல் இருந்தது. சிறுவன் சலீம் ஆணைச் சுட்டான். சற்று நேரத்தில் வேறோர் ஆண் வந்து அதே ஆணியில் அமர்ந்தது. அதையும் சுட்டான். ஏழு நாட்களில் எட்டு ஆண்கள் இவ்வாறு வீழ்ந்தன. ஒவ்வொரு முறையும் இடத்தை நிரப்ப இன்னோர் ஆண் வந்தது. கொடுமையான விளையாட்டுதான். ஆயினும் அதற்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. கூடு கட்டப் பொந்து கிடைக்காமலும் இணை கிடைக்காமலும் காத்திருக்கும் ஆண்கள் எந்தப் பறவைக் கூட்டத்திலும் உண்டு. வெளிப்பார்வைக்கு அவை தெரிவதில்லை. ஓரிடம் காலியானவுடன் வந்து நிரப்புகின்றன. இதையே பின்னாளில் பல நாடுகளின் ஆய்வாளர்கள், இடங்காக்கும் பறவைகளை அகற்றிப் பார்க்கும் சோதனைகள் மூலம் முறைப்படி நிறுவினர். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்ததை எண்ணிக்கையோடு எழுதி வைத்தான் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

கல்வியும் பர்மா வாழ்க்கையும்

பள்ளியில் சலீம் அலி சிறந்த மாணவராக விளங்கவில்லை. பதின்மூன்று வயதளவில் தொடர்ந்து வந்த தலைவலி காரணமாகச் சிந்து மாகாணத்திலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். 1913இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்குலேசன் தேர்வில் ஒருவாறு தேறினார். புனித சேவியர் கல்லூரியில் சேர்ந்து முதலாண்டிலேயே இடர்ப்பட்டுப் படிப்பை விட்டார். பின்னர் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்று, குடும்பத்தாரின் உல்பிரம் சுரங்கத்தையும் மரத் தொழிலையும் கவனித்தார். தவாய்க் காடுகள் தொழிலைவிடப் பறவைகளையே அவருக்கு அதிகம் காட்டின. 1917இல் பம்பாய் திரும்பி வணிகவியலும் கணக்கியலும் பயின்றார். அதனிடையே, புனித சேவியர் கல்லூரியின் தாவரவியலாளரான பிளாட்டர் பாதிரியாரின் ஊக்கத்தால் விலங்கியலும் கற்றார். 1918 டிசம்பரில் தெகமினாவை மணந்தார்.

பறவையியல் பணி ஒன்றிற்குப் பட்டம் இல்லாத காரணத்தால் இவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 1926இல் பம்பாயின் வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தில், இயற்கை வரலாற்றுப் பிரிவின் வழிகாட்டி விரிவுரையாளராக மாதம் 350 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். இரண்டாண்டுகளில் அப்பணியில் சலிப்புற்று, விடுப்பெடுத்து 1928இல் ஜெர்மனி சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் சுடிரேசுமன் இவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். அக்காலத்தில் பிரிட்டனின் பறவையியலாளர்கள் அருங்காட்சியகப் பெட்டிகளுக்குள் முடங்கியிருக்க, சுடிரேசுமனைச் சூழ்ந்திருந்தோர் பறவைகளின் நடத்தை, சூழல், உடலியங்கியல் ஆகியவற்றில் ஆர்வம் கொண்டிருந்தனர். எர்ன்சுட்டு மயரைச் சலீம் அலி சந்தித்ததும் அங்கேதான். எலிகோலாந்துத் தீவில் பறவைகளுக்கு வளையமிடும் முறையைக் கற்றார். ஆங்கிலேய ஆட்சியின் கீழிருந்த ஓர் இந்தியர் தம் ஆசானை இலண்டனில் அல்லாமல் பெர்லினில் தேடிக்கொண்டது அவரது ஆய்வின் போக்கையே தீர்மானித்தது எனலாம்.

தூக்கணாங்குருவி ஆய்வு

நாடு திரும்பியபோது அருங்காட்சியகத்தில் நிதியின்மையால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுப் பயிற்சி பெற்று வந்தவருக்கு வேலை இல்லை. செலவைக் குறைக்கும் பொருட்டு, தம்பதியர் பம்பாய்க்குத் தெற்கே கடற்கரைச் சிற்றூரான கிகீமில் இருந்த குடும்ப வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். வீட்டருகே தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பு ஒன்று இருந்தது. 1930ஆம் ஆண்டு மழைக்காலம் முழுவதும், வேறு வேலை ஏதும் இல்லாத சலீம் அலி நாள்தோறும் மணிக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்கணாங்குருவி தமிழருக்குப் புதிய பறவையன்று. மழையில் நனைந்த குரங்கிற்கு அறிவுரை கூறித் தன் கூட்டை இழந்த குருவியின் கதையை விவேகசிந்தாமணி வாயிலாகப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் ஏரிக்கரைப் பனைகளில் தொங்கும் கூடுகளைக் கண்டு வளர்ந்தவர்கள் பலர். ஆனால் அக்கூட்டுக்குள் நடக்கும் குடும்ப வாழ்க்கையைப் பற்றி அறிவியலாளர்களும் கிகீம் ஆய்வுக்கு முன்பு தவறாகவே எண்ணியிருந்தனர். ஒரே மரத்தில் முழுமையான கூடுகளோடு, பாதியில் விடப்பட்ட கூடுகளும் பல தொங்குவது எல்லோரும் கண்டதே. அரைகுறைக் கூடு ஆண் ஓய்வெடுக்கக் கட்டிக்கொள்வது, அல்லது வெறும் விளையாட்டுக்குக் கட்டுவது என்று விளக்கம் கூறி வந்தனர்.

சலீம் அலி கண்டது வேறு. கூடு கட்டுவது ஆண் மட்டுமே. நெல்தாள், நீண்ட புல், பனையோலை ஆகியவற்றின் ஓரத்தை அலகால் நறுக்கி, கிழித்தெடுத்துக்கொண்டு பறந்து வருகிறது. ஒவ்வொரு நாரும் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளமிருக்கும். ஒரு கூட்டை முடிக்க ஏறத்தாழ 500 முறை பறந்து திரும்ப வேண்டும் என்றும், சுமார் 18 நாட்கள் பிடிக்கும் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. முதலில் கிளையிலோ ஓலையிலோ முடிச்சிட்டு ஒரு வளையம் பின்னுகிறது. அதிலிருந்து தலைக்கவசம் போன்ற கூரை வளர்கிறது. கீழ்ப்புறம் குறுக்கே ஒரு பட்டை மட்டும் இருக்கும். இந்த நிலைக்கு எட்டு நாட்கள் ஆகின்றன. இங்குதான் வேலை நிற்கிறது.

ஏனெனில் பெண்கள் கூட்டமாக வந்து பார்வையிடுவது இந்தத் தறுவாயில்தான். ஆண்கள் எல்லாம் தத்தம் அரைக்கூட்டில் தொங்கிச் சிறகடித்துக் கூவுகின்றன. பெண்ணோ உள்ளே புகுந்து, நாரை இழுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டிற்குப் போய்விடுகிறது. ஒரு பெண் ஏற்றுக்கொண்ட பிறகே ஆண் முட்டையறையை மூடி, கீழ்நோக்கிய நீண்ட நுழைவுக் குழாயைப் பின்னிக் கூட்டை முடிக்கிறது. பெண் இரண்டு முதல் நான்கு வெண்ணிற முட்டைகளை இட்டுத் தனியாகவே அடைகாக்கிறது. ஆண் அதற்குள் சில அடி தள்ளி இன்னொரு வளையம் பின்னத் தொடங்கிவிட்டிருக்கும். அந்த இரண்டாவது கூட்டையும் ஒரு பெண் ஏற்றால், மூன்றாவது.

ஆகவே பாதியில் நிற்கும் கூடுகள் விளையாட்டுமல்ல, ஓய்விடமுமல்ல. பெண்களால் ஏற்கப்படாத கூடுகளே அவை. ஆண் ஒரே நேரத்தில் பல பெண்களைச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. ஒருத்தி குடியேறிய பின் அடுத்தவள் என்று வரிசையாகவே குடும்பங்களை அமைக்கிறது. முடிவு முழுவதும் பெண்ணின் கையில் இருக்கிறது. ஆணின் உழைப்பில் பெரும்பகுதி வீணாவதற்கும் வாய்ப்புண்டு. இக்கண்டுபிடிப்பை அவர் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். வேலையிழந்த ஓராண்டில், கருவி எதுவும் இன்றிச் செய்த இவ்வாய்வே பின்னர் அவருக்கு நிலையான புகழைத் தந்தது. அவருடைய மாணவர் விசயகுமார் அம்பேத்கர் இப்பறவையின் ஆய்வைத் தொடர்ந்தார். 2000களில் இந்தியாவில் நடந்த ஆய்வுகள், பெண் கூட்டின் பின்னல் நேர்த்தியைக் காட்டிலும் கூடு அமைந்த இடத்திற்கே, அதாவது கிளையின் உயரம், முள், எட்ட முடியாமை ஆகியவற்றிற்கே அதிக மதிப்புத் தருவதாகக் காட்டின. அழகாகப் பின்னினாலும் தவறான கிளையில் பின்னிய ஆணுக்குப் பெண் கிடைப்பதில்லை.

தண்ணீருக்கு மேலாகத் தொங்கும் கிளை, முள்மரம், வழுவழுப்பான பனை ஆகியவற்றை இவை நாடுவது பாம்பும் பிறவும் எட்டாதிருக்கவே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் இடங்களில் மரத்தின் கிழக்குப் பக்கமாகவே கூடுகள் பெரும்பாலும் அமைகின்றன. கிழித்தெடுக்க நெல்வயல், தொங்கவிட மரம், அருகே நீர் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும் என்பதால், அவற்றுள் ஒன்று போனாலும் குடியிருப்பு கலைந்துவிடும். 1964இல் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் வயல்கள் வீட்டுமனைகளானதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

புல்லுருவியும் மலர்கொத்தியும்

கிகீம் காலத்தில் இவர் செய்த மற்றோர் ஆய்வு அதிகம் பேசப்படுவதில்லை. மாமரத்தில் ஒட்டி வளர்ந்து அதன் சாற்றை உறிஞ்சும் புல்லுருவி எப்படி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்திற்குச் செல்கிறது என்பதைக் கொங்கணத்தில் கவனித்து 1931இல் எழுதினார். புல்லுருவியின் குழல் வடிவப் பூவைத் தேன்சிட்டு நாடி வந்து மகரந்தத்தைக் கடத்துகிறது. பழுத்த பின் மலர்கொத்தி எனப்படும் மிகச் சிறு பறவை வருகிறது. அது பழத்தை விழுங்கி, சிறிது நேரத்திலேயே விதையை வெளியேற்றுகிறது. விதையைச் சுற்றிப் பசை போன்ற பொருள் இருப்பதால் அது உடலைவிட்டு எளிதில் விழுவதில்லை. பறவை தன் பின்புறத்தைக் கிளையில் தேய்த்துத் துடைக்கிறது. விதை கிளையில் ஒட்டிக்கொள்கிறது, முளைக்கவும் தொடங்குகிறது. ஒட்டுண்ணிச் செடி ஒன்று இரண்டு பறவைகளை வேலைக்கு அமர்த்திக்கொண்டது போன்ற ஏற்பாடு இது. 1932இல் இந்தியாவின் பூநாடும் பறவைகளையும் பறவை நாடும் பூக்களையும் பற்றிய விரிவான கட்டுரையையும் எழுதினார்.

சமத்தானக் கள ஆய்வுகள்

வேலை இல்லாத நிலையில் சலீம் அலி ஒரு வழியைக் கண்டுபிடித்தார். சமத்தானங்கள் செலவை ஏற்றால், ஊதியம் பெறாமலேயே அங்குள்ள பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகக் கழகத்தின் மூலம் முன்வந்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமத்தானங்கள் இசைந்தன. மாட்டு வண்டிகளிலும் கால்நடையாகவும் சென்ற இப்பயணங்களில் தெகமினா உடன்சென்று முகாமை நடத்தினார். திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைப் பற்றிய நூல் 1953இல் வெளிவந்து, 1969இல் கேரளப் பறவைகள் என்ற பெயரில் மறுபதிப்புக் கண்டது.

இக்காலத்தில் ஆங்கிலேயக் காவல்துறை அதிகாரியும் பறவையியலாளருமான இயூ விசுலருடன் ஏற்பட்ட மோதல் சுவையானது. துடுப்புவால் கரிச்சானின் வாலில் இரு நீண்ட கம்பி போன்ற இறகுகளும் அவற்றின் நுனியில் துடுப்பும் உண்டு. அத்துடுப்பு இறகுத்தண்டின் வெளிப்புறத்தில் அமைந்தது என்றே பழைய நூல்கள் கூறின. விசுலரும் அவ்வாறே எழுதினார். தண்டு நுனிக்குச் சற்று மேலே முறுக்கிக்கொள்வதால்தான் அது வெளிப்புறம் போலத் தோன்றுகிறது, உண்மையில் அது உட்புறத்து இழையே என்று சலீம் அலி சுட்டிக்காட்டினார். பெயர் தெரியாத இந்தியர் ஒருவர் தம்மைத் திருத்துவதா என்று விசுலர் சினந்து, இதழின் ஆசிரியர்களுக்குக் கடுமையாக எழுதினார். பின்னர் தம்மிடமிருந்த பாடம் செய்த பறவைகளை எடுத்துப் பார்த்தார். சலீம் அலி கூறியதே சரி. தவற்றை ஒப்புக்கொண்டதோடு, ஐதராபாத், திருவிதாங்கூர்த் தொகுப்புகளை ஆராய்வதில் இறுதிவரை உதவிய நெருங்கிய நண்பராகவும் ஆனார்.

1937இல் ரிச்சர்டு மெய்னர்ட்சாகனுடன் ஆப்கானித்தான் சென்றார். மெய்னர்ட்சாகன் தம் நாட்குறிப்பில் இந்தியத் தோழரை இகழ்ந்து எழுதியிருந்தார். சலீம் அலி அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு தம் தன்வரலாற்றிலேயே சேர்த்துக்கொண்டார். சலீம் அலி அறியாத ஒன்று 1990களில் வெளியாயிற்று: மெய்னர்ட்சாகன் அருங்காட்சியகங்களிலிருந்து பறவைகளைத் திருடி, இடத்தையும் நாளையும் மாற்றிப் பொய்ச்சீட்டுக் கட்டி, தாம் சேகரித்தவையாகக் காட்டியவர். 1914இல் குசராத்தில் சுட்டதாக அவர் கூறிய காட்டு ஆந்தை அவற்றுள் ஒன்று. அந்தச் சான்றை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான இடங்களைத் தேடிச் சென்றபோதுதான், 113 ஆண்டுகளாக யாரும் காணாத அவ்வாந்தை 1997இல் மகாராட்டிரத்தில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

1939இல் சிறு அறுவை சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து தெகமினா இறந்தார். சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. தமக்கை கமு, அவர் கணவர் அசன் அலி ஆகியோர் வீட்டில் வாழ்ந்தார். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. சிறையிலிருந்த நேரு இந்நூலைத் தம் மகள் இந்திராவுக்குக் கிடைக்கச் செய்தார். பின்னாளில் இருவரும் தலைமை அமைச்சர்களான போது, இந்த அறிமுகம் பல காடுகளைக் காத்தது.

வளையமிடுதலும் குற்றச்சாட்டும்

விடுதலைக்குப் பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நடத்திவந்த ஆங்கிலேயர்கள் நாடு திரும்பினர். பணமின்றி மூடும் நிலையிலிருந்த கழகத்தை, நேருவுக்கு எழுதி நிதி பெற்றுக் காப்பாற்றியவர் சலீம் அலியே.

1957இல் மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் திரளாக இறந்தன, மனிதரும் நோயுற்றனர். கியாசனூர் காட்டு நோய் என்று பெயரிடப்பட்ட இக்காய்ச்சலின் வைரசு, உருசியாவில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரசை ஒத்திருந்தது. வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் கழகம் பெருமளவில் பறவைகளைப் பிடித்து வளையமிடத் தொடங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குத் தெரிவிக்கவும் என்ற வாசகம் பொறித்த அலுமினிய வளையங்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வேடர்களின் கையிலிருந்து கடிதமாகத் திரும்பி வந்தன. இந்தியக் குளங்களில் பனிக்காலத்தைக் கழிக்கும் வாத்துகள் இமயத்தைக் கடந்து மைய ஆசியாவுக்கும் சைபீரியாவுக்கும் செல்கின்றன என்பது இவ்வாறு எண்களோடு உறுதிப்பட்டது.

இத்திட்டத்திற்கு அமெரிக்கப் பணமும் வந்ததால், நுண்ணுயிர்ப் போர் ஆய்விற்குப் பறவைகள் பயன்படுத்தப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. சலீம் அலி அதை மறுத்தார்.

தமிழ்நாட்டுத் தொடர்புகள்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடிக்கரை, வளையமிடும் பணியின் முக்கிய களங்களுள் ஒன்றாக விளங்கியது. அங்கு வரும் வலசைப் பறவைகளின் சிறப்பைச் சலீம் அலி எடுத்துரைத்தார். 1967இல் கோடிக்கரை வனவிலங்கு புகலிடமாக அறிவிக்கப்பட்டது. கோடிக்கரையிலும் பழவேற்காட்டிலும் திரளும் பூநாரைகளைச் சலீம் அலி அவற்றின் பிறப்பிடத்திலேயே, அதாவது கட்சுப் பகுதியின் பெரிய ரண் உப்புநிலத்திலேயே 1945இல் ஆராய்ந்தார். அங்கே லட்சக்கணக்கில் மண்கூம்புக் கூடுகள் கட்டி அவை குஞ்சு பொரிக்கின்றன. பூநாரை தலையைத் தலைகீழாக நீரில் வைத்து அலகால் உணவை வடிகட்டி உண்கிறது. குஞ்சுகளுக்கு ஒருவகைப் பாலைச் சுரந்து ஊட்டுகிறது. தாய் மட்டுமன்றித் தந்தையும் பால் சுரக்கும்.

இவர் பெயரைத் தாங்கிய உயிரினங்களுள் தமிழ்நாட்டிற்கு நெருக்கமானது ஒரு வௌவால். 1948இல் தேனிப் பகுதியின் மேகமலையில் தேயிலைத் தோட்ட அதிகாரியும் இயற்கை ஆர்வலருமான ஆங்கசு அட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துக் கழகத்திற்கு அனுப்பினார். நாட்டில் எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி என்று சீட்டிட்டு அதை அலமாரியில் வைத்துவிட்டனர். 24 ஆண்டுகள் கழித்து, 1972இல், தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். அது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று கண்டார். லேட்டிடென்சு சலீமாலி என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் பின்னும் 1993 வரை உயிருடன் எவரும் அதைக் காணவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாடு, கேரளப் பகுதிகளுக்கு வெளியே இது அறியப்படவில்லை. வாழ்நாள் முழுதும் பறவைகளோடு வாழ்ந்தவருக்கு, உலகின் மிக அரிய வௌவால்களுள் ஒன்று நினைவுச்சின்னமாக வாய்த்தது.

இவரது பெயரிலான பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் 1990இல் கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் நிறுவப்பட்டது.

பாதுகாப்புப் பணிகள்

இராசசுதானின் பரத்பூர் சதுப்பு நிலம் மன்னர்களின் வாத்து வேட்டைக்களமாக இருந்தது. 1938இல் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பங்குபெற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. விடுதலைக்குப் பின் நீரை வடித்து விளைநிலமாக்கும் கோரிக்கை எழுந்தபோது சலீம் அலி நேருவிடம் முறையிட்டு அதைத் தடுத்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டுவதை எதிர்த்தோரிலும் இவர் முன்னின்றார். சிங்கவால் குரங்குகள் வாழும் அம்மழைக்காடு 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் பரத்பூரில் இவரது கணிப்பு ஒன்று பொய்த்தது. பூங்காவில் எருமைகள் மேய்வது பறவைகளுக்குக் கேடு என்று இவரும் பிறரும் கருதினர். 1982இல் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. தலைமுறைகளாக அங்கு மாடு மேய்த்து வந்த கிராமத்தார் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தடைக்குப் பின் கழகமே மேற்கொண்ட நீண்டகால ஆய்வு எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. எருமைகள் தின்று வந்த பாசுபாலம் என்னும் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பெருகி, நீர்ப்பரப்பையே மூடிவிட்டது. திறந்த நீரை நாடும் வாத்துகளுக்கு இடமில்லாமல் போயிற்று. சதுப்பு நிலத்தின் பறவை வாழ்க்கையில் எருமையும் ஒரு பங்காளி என்பதைக் கிராமத்தார் வேறு சொற்களில் சொல்லி வந்தனர். ஆய்வு முடிவுகள் முழுமையாக வெளிவந்தபோது சலீம் அலி உயிருடன் இல்லை.

இந்தியாவின் தேசியப் பறவையாகக் கானமயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இவர் விருப்பம். 1963இல் மயில் தேர்ந்தெடுக்கப்பட்டது. கானமயில் இன்று அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது.

விருதுகள்

1958இல் பத்ம பூசணும் 1976இல் பத்ம விபூசணும் பெற்றார். 1967இல் பிரித்தானியப் பறவையியலாளர் ஒன்றியத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது; பிரித்தானியர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை. பால் கெட்டி காட்டுயிர்ப் பாதுகாப்புப் பரிசாகக் கிடைத்த 50,000 டாலரைத் தம் பெயரிலான இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கு அளித்தார். அலிகார், டெல்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பட்டமில்லாதவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார்.

இறுதிக் காலம்

முதுமையிலும் களப்பணியை விடவில்லை. இமயத்தின் மலைக் காடையை, 1876க்குப் பின் எவரும் காணாத அப்பறவையை, மீண்டும் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆவல், அது நிறைவேறவில்லை. ஆனால் 1900க்குப் பின் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட செர்டான் கல்குருவி, 1986 சனவரியில் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் கழகத்தின் தேடலின்போது உள்ளூர் வேடர் ஒருவரின் உதவியால் அகப்பட்டது. இரவில் மட்டும் முட்புதர்களிடையே ஓடித் திரியும் அப்பறவை உயிருடன் இருக்கும் செய்தியைச் சலீம் அலி தம் 89ஆம் வயதில் அறிந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, நீண்டநாள் புற்றுநோய்க்குப் பின் பம்பாயில் காலமானார்.